கடல் கடந்த வசைச்சொற்கள்

ஒரு நாட்டிற் பிறந்த காப்பியத்தை மற்றொரு நாட்டார் தம் மொழியிற் பெயர்த்துக் கொள்வது உலகெங்கும் காணப்படும் வழக்கம். அறநூல், சமயநூல், மருத்துவநூல் முதலியனவும் அவ்வாறே எல்லை கடந்து சென்றிருக்கின்றன. ஆனால், ஒரு நாட்டின் தெருவிலும் சந்தையிலும் பாசறையிலும் பிறந்த வசைச்சொல் வேறொரு மொழியிற் குடிபுக முயலும்போது, அதனைத் தடுத்து நிறுத்தும் காவலர் பலர் தோன்றிவிடுகின்றனர். இலக்கண ஆசிரியர், அரங்கத் தலைவர், அவையோர் யாவரும் அக்காவலிற் பங்கு கொள்கின்றனர். இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் கடல், மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 21 மைல் அகலமே உடையது. அந்தச் சிறு கடலைக் கடப்பதற்குச் சேக்ஸ்பியரின் வசைச்சொற்களுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் சென்றன. அவ்வரலாறு நகைப்புக்கு மட்டுமன்றிச் சிந்தனைக்கும் உரியது.

இச்சிக்கலை முதன்முதலில் மேடையில் ஏற்றிக் காட்டியவர் சேக்ஸ்பியரே எனலாம். 1599ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய 'ஐந்தாம் ஹென்றி' என்னும் நாடகத்தில், 1415ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி நடைபெற்ற அஜின்கோர்ட் போர் காட்டப்படுகின்றது. அப்போரின் நடுவே பிஸ்ரல் என்னும் வாய்வீரன் ஒருவன் பிரெஞ்சுப் போர்வீரன் ஒருவனைச் சிறைப்பிடிக்கிறான். பிஸ்ரலுக்குப் பிரெஞ்சு தெரியாது. சிறைப்பட்டவனுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளனாக நிற்பவன் ஒரு பணியாட் சிறுவன். பிரெஞ்சுக்காரன் 'பிரா' என்று பிஸ்ரலின் கையைக் குறித்துச் சொல்ல, பிஸ்ரல் அதனைப் பித்தளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் கொண்டு, தனக்குப் பித்தளையா தருகிறாய் என்று சீறுகிறான். பிறகு கைதியின் பெயரை வினவுகிறான். 'ஃபேர்' என்பது பெயர் என்று தெரிந்ததும், அப்பெயரையே ஒரு வினையாக்கி, அதனோடு ஒலியியைந்த வேறு இரு சொற்களையும் கூட்டி, கைதியை இன்னின்னவாறு செய்வேன் என்று முழங்குகிறான். அதனை உடனே பிரெஞ்சிற் சொல்லுமாறு சிறுவனுக்குக் கட்டளையும் இடுகிறான். சிறுவனோ அம்மூன்று சொற்களுக்கும் பிரெஞ்சுச் சொற்கள் தனக்குத் தெரியாவென்று கைவிரித்துவிடுகிறான். அப்படியாயின் கழுத்தை அறுக்கப்போவதாகச் சொல் என்கிறான் பிஸ்ரல். அது எளிதில் மொழிபெயர்க்கப்பட்டுவிடுகின்றது. கொலை மிரட்டல் மொழிபெயரும், வசை மொழிபெயராது. அவ்வுண்மையைச் சில வரிகளில் அந்நாடகப் புலவர் காட்டிவிட்டார்.

சிறுவன் திணறியதற்குக் காரணம் யாது? பிஸ்ரல் கூறிய மூன்று சொற்களுள் ஒன்றற்குப் பொருளே இல்லை. அது கைதியின் பெயரிலிருந்து அப்போதைக்கப்போது புனையப்பட்டது. மற்றொன்றாகிய 'ஃபேர்க்' அடித்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். மூன்றாவதாகிய 'ஃபெரெட்' என்பது முயல்வளைக்குள் விட்டு முயலைத் துரத்துவதற்குப் பயன்படும், கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கின் பெயர். மூன்றையும் பிணைத்து நிற்பது பொருள் அன்று, முதலெழுத்தின் ஒலியேயாகும். தமிழர் மோனை என்று கூறும் அணியே அங்கே சினத்துக்கு வலிமை தருகின்றது. பொருளை மட்டும் எடுத்துச் சென்றால் ஓசை பின்தங்கிவிடும். ஓசை பின்தங்கினால் வசை செத்த சொல்லாகிவிடும்.

இதில் மற்றொரு வியப்பும் உண்டு. 'ஃபெரெட்' என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்தே இங்கிலாந்துக்குச் சென்றது. பிரெஞ்சு மொழியில் அவ்விலங்கின் பெயர் 'ஃபுரே'. எனவே, அச்சிறுவன் தனக்குத் தெரியாதென்று கூறிய சொல் அவன் எதிரே நின்ற கைதியின் தாய்மொழிச் சொல்லே ஆகும்! சவுக்கால் அடித்தலைக் குறிக்கும் 'ஃபுவெத்தே' என்னும் சொல்லும் பிரெஞ்சில் உண்டு. அதன் முதலெழுத்தும் அதுவே. போர்க்களத்தில் நிற்கும் சிறுவனுக்கு இவற்றை எண்ணிப் பார்க்க நேரமில்லை. நூலகத்தில் அமர்ந்து மொழிபெயர்ப்பவனுக்கு நேரமுண்டு. அவன் எண்ணிப் பார்த்தானா என்பதே வரலாற்றின் கேள்வி.

'ஃபெரெட்' மட்டுமன்று, ஆங்கிலேயர் பெருமையுடன் வழங்கிய வசைச்சொற்களுட் பல பிரெஞ்சுநாட்டுப் பிறப்புடையவை. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், ஆட்சியாளரின் மொழி பல நூற்றாண்டுகளாகப் பிரெஞ்சாயிற்று. ஆள்வோர் ஆளப்படுவோரை இகழ்ந்த சொற்களும் அம்மொழியிலேயே பிறந்தன. தமிழ்த் திரைப்படம் பார்ப்போர் யாவரும் அறிந்த 'வில்லன்' என்னும் சொல், பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்த பழைய சொல்லாகும். அவன் செய்த குற்றம் ஏழையாய்ப் பிறந்தமை ஒன்றே. 'றாஸ்கல்' என்பதும் கீழ்மக்கட் கூட்டத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கோழையைக் குறிக்கும் 'கவர்ட்' என்பதும் அவ்வாறே. சிறைப்பட்டவன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் ஒன்று ஆங்கிலத்தில் 'கெயிற்றிவ்' என்று திரிந்து இழிந்தவன் எனப் பொருள்பட்டது. அதே சொல் பிரெஞ்சில் 'ஷெத்தீவ்' என்று திரிந்து மெலிந்தவன், நோயாளி எனப் பொருள்பட்டது. ஒரு தாய் வயிற்றில் தோன்றிய இரு பிள்ளைகளும் வெவ்வேறு குணங்களுடன் வளர்ந்துவிட்டனர். ஆகவே, சேக்ஸ்பியரின் வசைகள் பிரான்சை நாடியபோது, அவற்றுட் சில அயல்நாட்டுக்குச் செல்லவில்லை. உருமாறித் தாய்வீடு திரும்பின. தாய்வீட்டாரோ அவற்றை அடையாளங் காணவில்லை.

வசைகள் யாவும் ஒரே அளவில் இடர் தருவனவல்ல. கண்ணாற் காணும் பொருளைக்கொண்டு இகழும் வசை எளிதிற் கடல் கடக்கும். 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற் பாகத்தில் இளவரசன் பருத்த உடலையுடைய ஃபோல்ஸ்ராஃபைத் தசைமலை என்கிறான். அவனோ மெலிந்த இளவரசனை விலாங்கின் தோல், உலர்ந்த மாட்டுநாக்கு, கருவாடு என்றெல்லாம் மூச்சுமுட்ட அடுக்கிச் செல்கிறான். மலையும் மீனும் எந்நாட்டிலும் உள. அவற்றை எந்த மொழியிலும் சொல்லிச் சிரிக்கலாம்.

வழக்கத்தைக்கொண்டு இகழும் வசையோ கரையிலேயே நின்றுவிடும். 'லியர் அரசன்' நாடகத்திற் கென்ற் என்னும் பிரபு ஒஸ்வால்ட் என்னும் பணியாளன்மீது பொழியும் வசைமாரி உலகப் புகழ் பெற்றது. மூன்று உடுப்புக்காரன் என்றும், கம்பளிக் காலுறைக்காரன் என்றும் அவனைத் தூற்றுகிறான். மூன்று உடுப்பு இருப்பதில் என்ன இழிவு என்று அயல்நாட்டான் கேட்பான். அக்கால இங்கிலாந்தில் ஏவலாளருக்கு ஆண்டுக்கு மூன்று உடுப்புகள் வழங்கப்பட்டன என்பதும், கனவான்கள் பட்டுக் காலுறையும் ஏவலாளர் கம்பளிக் காலுறையும் அணிந்தனர் என்பதும் தெரிந்தாலன்றி அவ்வசை சுடாது. அடிக்குறிப்பு எழுதி விளக்கலாம். ஆனால் அடிக்குறிப்பினால் ஒருவனைத் திட்ட முடியாது. அதே நாடகத்திற் கென்ற் ஒஸ்வால்டைக் காற்பந்தாட்டக்காரன் என்றும் பழிக்கிறான். அந்நாளில் அது தெருப்பொறுக்கிகளின் ஆட்டம். இந்நாளில் அவ்வாட்டக்காரனைத் தோளில் தூக்கி ஊர்வலம் செல்வோர் இரு நாடுகளிலும் இலட்சக்கணக்கினர். காலமும் ஒரு கடல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் வகை, பிஸ்ரலின் வசைபோல் ஒலியையே உயிராகக் கொண்டது. அதே 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திற் பிரெஞ்சு இளவரசி கதரீன் ஆங்கிலப் பாடம் படிக்கும் காட்சியொன்று உண்டு. பாதம், அங்கி என்பவற்றைக் குறிக்கும் குற்றமற்ற ஆங்கிலச் சொற்கள், அவள் காதுக்குப் பிரெஞ்சு மொழியின் அவச்சொற்களாக ஒலிக்கின்றன. நாணத்தால் அவள் முகம் சிவக்கிறது. இகழாமலே ஒரு மொழி மற்றொரு மொழியை இகழ்ந்துவிடலாம் என்பதை அக்காட்சி உணர்த்துகின்றது.

நாடகத்துக்கு வெளியிலும் இரு நாட்டாரும் ஒருவரையொருவர் ஏசிப் பழகியவர்களே. 1337 முதல் 1453 வரை நிகழ்ந்த நூற்றாண்டுப் போரில், ஆங்கில வீரர் ஓயாது கூறிய 'கொட் டாம்' என்னும் சாபச்சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பிரெஞ்சு மக்கள் அவர்களுக்குக் 'கொடோன்' என்றே பெயரிட்டனர் என்பர். ஜோன் ஒவ் ஆர்க் என்னும் வீரமங்கை சிறையிலிருந்தபோது அச்சொல்லால் ஆங்கிலேயரைக் குறித்துப் பேசியதாக ஒரு சாட்சி உண்டு. சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலேயர் பிரெஞ்சு விடைபெறல் என்பர். பிரெஞ்சுக்காரரோ அதையே ஆங்கிலேய முறையில் நழுவுதல் என்பர். இங்கே மொழிபெயர்ப்புக்கு இடரே இல்லை. நாட்டின் பெயரை மாற்றினாற் போதும்!

ஆனால் இலக்கியத்தின் நிலை வேறு. 1635ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பேரவை நிறுவப்பட்டது. 1694இல் அதன் அகராதியின் முதற் பதிப்பு வெளிவந்தது. கோர்னேயும் றசீனும் இயற்றிய துன்பியல் நாடகங்களில் அரசரும் வீரரும் செம்மைப்பட்ட சொற்களாலேயே சினந்தனர், அழுதனர், இறந்தனர். தமிழிலக்கணம் இடக்கரடக்கல் என்று கூறும் நெறியைப் பிரெஞ்சு அரங்கு தன் உயிர்நெறியாகக் கொண்டது. தமிழில் அவ்விதி அவையிற் கூறத்தகாத சொற்களையே மறைக்கச் சொல்லும். பிரான்சிலோ எளிய மக்களின் அன்றாடப் பொருட்பெயர்களையும் மறைக்குமாறு அது விரிந்துவிட்டது.

அந்நாட்டு மக்களுக்குச் சேக்ஸ்பியரை அறிமுகஞ் செய்தவர்களுட் தலையானவர் வோல்தேயர். 1726ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று சில ஆண்டுகள் தங்கிய அவர், 1734இல் வெளியிட்ட நூலிற் சேக்ஸ்பியரைப் பற்றி எழுதி, ஹம்லெற்றின் புகழ்பெற்ற தனிமொழியைத் தம் செய்யுளிற் பெயர்த்தும் தந்தார். ஒழுங்கறியாத மேதை என்பதே அவர் கொண்ட கருத்து. நாற்பதாண்டுகளுக்குப் பின் அவ்வறிமுகமே அவருக்குப் பகையாய் முடிந்தது. 1776இற் பியர் லெ தூர்னேர் என்பவர் சேக்ஸ்பியரின் நாடகங்களைப் பிரெஞ்சு உரைநடையில் வெளியிடத் தொடங்கினார். 1783 வரை 20 தொகுதிகள் வெளிவந்தன. முன்பணம் கட்டி நூலுக்குப் பெயர் கொடுத்தோருள் பிரான்சு மன்னரும் இங்கிலாந்து மன்னரும் உருசியப் பேரரசியும் இருந்தனர். முன்னுரையோ சேக்ஸ்பியரை வானளாவப் புகழ்ந்தது.

அப்போது வோல்தேயருக்கு அகவை 81. பிரெஞ்சு நாடகத்தின் அரியணையில் ஓர் அயலான் அமர்த்தப்படுவதாக அவர் கொதித்தெழுந்தார். தாம் முன்பு எடுத்துக் காட்டியவை சில முத்துக்களே என்றும், அவை கிடந்த இடம் பெருங்குப்பைமேடு என்றும் நண்பருக்கு எழுதினார். சேக்ஸ்பியரைச் சந்தைக் கூத்தாடி என்றார். மொழிபெயர்ப்பாளரையும் வாய்க்கு வந்தவாறு ஏசினார். இழிசொற்கள் பிரான்சுக்குள் நுழையலாகாது என்று போராடியவர், அப்போராட்டத்துக்கு இழிசொற்களையே படைக்கலமாகக் கொண்டார்.

அவர் பேரவைக்கு வரைந்த கடிதம் 1776ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி, லூவர் அரண்மனையில் நடைபெற்ற பேரவைக் கூட்டத்தில் தலம்பேர் என்னும் அறிஞராற் படிக்கப்பட்டது. 'ஒதெல்லோ' நாடகத்தின் தொடக்கத்தில் இயாகோ நள்ளிரவில் ஒரு முதியவரின் வீட்டு வாயிலில் நின்று, அவருடைய மகளைப் பற்றிக் கூவும் கொச்சையான சொற்களை வோல்தேயர் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தார். விலங்குகளைக்கொண்டு கூறப்படும் அவ்வுவமைகள் இங்கும் எடுத்துரைக்கத் தக்கனவல்ல. லெ தூர்னேரோ அவற்றின் கூர்மையை மழுக்கி நாகரிகமாக எழுதியிருந்தார். ஆதலால், உண்மையை மறைத்து மொழிபெயர்த்தான் என்பதே வோல்தேயர் சாட்டிய குற்றம்.

இங்கேதான் இவ்வரலாற்றின் முடிச்சு கிடக்கின்றது. சேக்ஸ்பியரை நேசித்தவர் அவர் சொல்லை மாற்றினார். சேக்ஸ்பியரை வெறுத்தவர் அவர் சொல்லை மாற்றாமற் பெயர்த்தார். சொல்லுக்குச் சொல் உண்மையாயிருத்தல் ஒரு நூலுக்குச் செய்யும் தொண்டாகவும் அமையலாம். அந்நூலைக் கொல்லும் கருவியாகவும் அமையலாம். இயாகோவின் சொற்கள் கொச்சையாய் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தந்தையின் உறக்கத்தைக் கலைத்து, அவர் நெஞ்சில் நஞ்சு ஊற்றுவதற்காகவே அவன் அவற்றைத் தெரிந்தெடுக்கிறான். அந்நோக்கத்தை விடுத்துச் சொற்களை மட்டும் வெட்டியெடுத்து அவைமுன் வைத்தால், பேசியவனின் கயமை புலவனின் கயமையாகத் தோன்றும். வோல்தேயர் விரும்பியது அதுவே. லெ தூர்னேரின் மழுங்கிய சொற்களாலும் நன்மை முற்றாக விளையவில்லை. நஞ்சு நீங்கிய இயாகோவுக்கு அத்தந்தை ஏன் பதறி எழவேண்டும் என்பது விளங்காது போயிற்று.

பேரவைக் கூட்டத்தில் மேலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வோல்தேயர் பெயர்த்த சொற்களைத் தலம்பேரால் அவையில் வாய்விட்டுப் படிக்க இயலவில்லை. எலிசபெத் அரசியின் முன் மேடையிற் கூறப்பட்டவை லூவரிற் கூறமுடியாதவை என்று அவை அறிந்தாலே போதும், கேட்போர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வர் என்று வோல்தேயர் முன்கூட்டியே யோசனை சொல்லியிருந்தார். ஆகவே, ஆங்கில வசைகள் பிரெஞ்சுப் பேரவைக்குள் முதன்முதலில் நுழைந்தபோது மௌனமாகவே நுழைந்தன. அக்கூட்டத்தில், சேக்ஸ்பியருக்காக 1769இல் நூல் எழுதிய எலிசபெத் மொன்ரகு என்னும் ஆங்கிலப் பெண்மணியும் வந்திருந்தார். குப்பைமேடு என்ற ஏச்சைக் குறித்து, அக்குப்பை நன்றியற்ற ஒரு நிலத்துக்கு உரமாயிற்று என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வர். ஏச்சை மொழிபெயர்க்காமல், அதனையே திருப்பித் தருவதும் ஒரு திறமை அன்றோ?

வோல்தேயர் 1778இல் மறைந்தார். 1784ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆந் திகதி போமார்ஷேயின் 'பிகாரோவின் திருமணம்' என்னும் நாடகம் பாரிசில் அரங்கேறிற்று. அதிற் பிகாரோ என்னும் பணியாளன், 'கொட் டாம்' என்னும் ஒரு சொல்லே ஆங்கில மொழியின் அத்திவாரம் என்றும், அதை அறிந்தவனுக்கு இங்கிலாந்தில் உணவுக்கும் குடிக்கும் குறைவில்லை என்றும் நகையாடுகிறான். பழைய போர்க்களத்துச் சாபச்சொல் மொழிபெயர்க்கப்படாமலே பிரெஞ்சு அரங்கேறி, அவையோரைச் சிரிக்க வைத்தது. ஆனால் அது இன்பியல் நாடகம். துன்பியல் நாடகத்தின் கதவு அப்போதும் திறக்கவில்லை. 1792இல் டுயூசி என்பவர் 'ஒதெல்லோ'வைத் தழுவி எழுதியபோது, கதைக்கு உயிரான கைக்குட்டையைக்கூட நீக்கித் தலையணி ஒன்றைப் புகுத்தினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதும் குறிப்பிடத்தக்கது.

1815இல் வாட்டர்லூப் போர் முடிந்தது. 1822இல் ஆங்கில நடிகர் குழுவொன்று பாரிசுக்கு வந்து நடித்தபோது, சேக்ஸ்பியர் வெலிங்டனின் படைத்துணைவன் என்று அவையோர் கூச்சலிட்டு மேடையைக் கலைத்தனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த புலவர், ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த போருக்காக ஏச்சுக் கேட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 1827இல் மற்றொரு குழு வந்தபோது அதே நகர் கண்ணீர் வடித்தது. இசைப்புலவர் பேர்லியோஸ் அந்த அவையில் இருந்து மெய்ம்மறந்தார். 1829ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அல்பிரே த வின்யி தாம் பெயர்த்த 'ஒதெல்லோ'வை நாட்டின் தலைமை அரங்கில் ஏற்றினார். கைக்குட்டையைக் குறிக்கும் 'மூஷுவார்' என்னும் எளிய சொல் அம்மேடையில் ஒலித்தபோது எதிர்ப்புக் குரல் எழுந்தது. மூக்குத் துடைக்கும் துணியின் பெயரே அவைக்கு வசையாகத் தோன்றிய நாட்டில், உண்மை வசையின் கதி யாதென எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியிற் கதவைத் திறந்தவர் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் ஒருவர். 1851இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பின்பின் விக்டர் ஹியூகோ பிரான்சை நீங்கி, ஆங்கில முடிக்குரிய ஜேர்சித் தீவிலும் பின்னர்க் கேர்ன்சித் தீவிலும் வாழ்ந்தார். அவருடைய மைந்தர் பிரான்சுவா விக்டர் ஹியூகோ, அந்நாடுகடத்தலை வீணாக்காது, சேக்ஸ்பியர் முழுவதையும் பிரெஞ்சிற் பெயர்க்கத் துணிந்தார். 1859 முதல் தொகுதிகள் வெளிவந்தன. தந்தை 1864இல் சேக்ஸ்பியரைப் பற்றித் தனிநூலே எழுதினார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே ஒரு தீவில் அமர்ந்து, அவ்விளைஞர் கென்றின் வசைகளையும் பிஸ்ரலின் முழக்கங்களையும் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். உரைநடையாயிற்று, ஓசை குறைந்தது என்று பின்வந்தோர் குறை கூறினர்; புதிய பெயர்ப்புகளும் தொடர்ந்து தோன்றியுள்ளன. ஆயினும் மௌனம் அவரால் நீங்கியது.

வசைச்சொல்லைத் தள்ளியவர்கள் சொல்லை மட்டுமா தள்ளினார்கள்? அரசர் பேச்சு அரங்கேறலாம், ஏவலாளர் பேச்சு அரங்கேறலாகாது என்பதே அவ்விதியின் உட்பொருள். சேக்ஸ்பியரின் மேடையிலோ அரசனுக்கு அருகே குடியனும் கூலிவீரனும் வாயிற்காப்போனும் தத்தம் சொல்லோடு நின்றனர். அவர்கள் சொல்லை மூடிவிட்டால், அவர்கள் துயரமும் உடன் மூடப்படும். அஜின்கோர்ட் போரில் மொழிபெயர்த்த அச்சிறுவன் மீட்புப்பணம் பேசி முடித்துக் கைதியின் உயிரைக் காத்துத் தந்தபின், படையின் பொதிகளைக் காக்கும் சிறுவரோடு தங்கச் செல்கிறான். சிறிது நேரத்தில் அச்சிறுவர் யாவரும் கொல்லப்பட்டனர் என்ற செய்தி மேடைக்கு வருகின்றது. அவன் பெயரைக்கூட நாடகம் கூறவில்லை. மூன்று வசைச்சொற்களுக்கு ஈடு தெரியாமல் திணறிய அவன், ஓருயிரைக் காக்கத் தேவையான சொற்களை மட்டும் இரு மொழியிலும் அறிந்திருந்தான்.